வயலினை வைத்துவிட்டு பாஸ் எடுத்தவர்

ஜாஸ் என்றால் எல்லாரும் டிரம்பெட், சாக்ஸபோன் என்பார்கள். எனக்கென்னவோ காது பின்வரிசைக்குத்தான் போகும். அங்கே ஆளைவிட உயரமாக நிற்குமே டபுள் பாஸ், அதனிடம். நம்ம கச்சேரி மிருதங்கம் மாதிரி என்றால் பாதிதான் சரி. தாளத்தோடு அடிச்சுரத்தையும் அதுதான் தாங்கும்.

மில்ட் ஹின்டன் 1910-ல் மிசிசிப்பி மாநிலம் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். பாட்டி அடிமையாக இருந்தவர். தெற்கின் கொடுமை தாங்காமல் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே போன காலம் அது. இவர் குடும்பமும் சிகாகோ போய்ச் சேர்ந்தது. ஊர் விட்டு வந்த குடும்பம் வேறென்ன செய்யும்? 13-வது பிறந்தநாளுக்கு அம்மா வயலின் வாங்கிக் கொடுத்தார். (இங்கே புனேயில் எங்கள் குடியிருப்பிலும் சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வீடு சரளி வரிசைதான்!)

ஊமைப்படத் தியேட்டர்களில் வயலின்காரர்களுக்கு நல்ல பிழைப்பு இருந்தது. 1927-ல் பேசும்படம் வந்ததும் அது கரைய ஆரம்பித்தது. சிம்பனி குழுக்களோ கறுப்பர்களைச் சேர்க்காது. பையன் பாஸுக்கு மாறினான்.

1936-ல் கேப் காலோவே குழுவில் சேர்ந்து 15 வருஷம் வாசித்தார். தந்தியை இழுத்துவிட்டுக் கட்டையில் அறையும் 'ஸ்லாப்' பாணியில் கில்லாடி. 1939-ல் வந்த 'ப்ளக்கின் தி பாஸ்' கேட்டுப் பாருங்கள், புரியும்.

தெற்கே ஓட்டல்கள் அறை தராது. அதனால் குழு தனி ரயில் பெட்டியில் பயணம் செய்து, அதிலேயே தூங்கும். ஹின்டன் கையில் எப்போதும் கேமரா. தூங்கும் சகாக்களையும் எடுத்தார், கறுப்பர்களுக்குத் தனி வழி என்று ரயில் நிலையத்தில் மாட்டியிருந்த பலகையையும் எடுத்தார். வாழ்நாளில் சுமார் 60,000 படங்கள். அவர் வாசிப்புக்குச் சமமாக இதையும் வைப்பேன்.

1950-களில் பெரிய ஸ்விங் குழுக்கள் கலைந்தன, நிலையான வேலை இல்லை. ஒருநாள் நியூயார்க் தெருவில் பழைய பழக்கமான நடிகர் ஜாக்கி க்ளீசன் இவரைப் பார்த்து, தன் ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட்டார். வெள்ளையர்களே நிறைந்திருந்த ஸ்டூடியோ உலகம் அப்படித் திறந்தது. எந்த நோட்டை வைத்தாலும் பார்த்தவுடன் வாசிப்பார். வயலின் வகுப்பில் வந்த பழக்கம். ஆயிரக்கணக்கான பதிவுகளில் அவர் பாஸ் இருக்கிறது.

2000-ல், 90 வயதில் காலமானார். பில்லி ஹாலிடேயின் கடைசி ஆல்பத்துக்கு 1959-ல் பாஸ் வாசித்தவர்களில் இவரும் ஒருவர். ஸ்டூடியோவில் அவரைப் படமும் எடுத்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஆல்பத்தைக் கேளுங்கள்.