பன்னிரண்டில் ஒருவர்



வானூரில் இன்று நம்மோடு கூடியிருப்பவர்களில் பலர் மரக்காணம் உப்பளக் குடும்பங்களின் பிள்ளைகள். நம் பெற்றோரின் பாடு உடம்பிலேயே தெரிந்தது. உப்பின் வெள்ளொளியில் கண் கூசியது. பாத்தியில் நின்ற கால் வெடித்தது. படித்து அலுவலகம் போன நம்முடைய பாரம் அப்படி வெளியே தெரிவதில்லை. "நிரந்தரச் சம்பளம் வருகிறதே, அப்புறம் என்ன குறை?" என்று ஊர் கேட்கிறது. இந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர் 1917-ல் பரோடா சமஸ்தானப் பணியில் சேர்ந்தார். அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரைச் சாதி தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அந்த வேலையே கைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். இரண்டு இடத்திலும் அவரை வதைத்தது வேலைப்பளு அல்ல.

நம் மாகாணத்தில் 1928-ல் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் காலத்தில் வகுப்புவாரி உரிமை நடைமுறைக்கு வந்தது. 12 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவருக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. அந்த ஆணை கதவைத் திறந்தது. அதை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் உள்ளே போனவர் பன்னிரண்டு பேரில் ஒருவராகத்தான் உட்கார வேண்டியிருந்தது. அவர் செய்த தவறு ஒரு சாதியின் தவறாக எண்ணப்பட்டது. பிறகு வந்த அரசியல் சட்டத்தின் 335-ஆம் பிரிவும் நம் உரிமையை நிர்வாகத் திறமையோடு சேர்த்தே பேசியது. ஒவ்வொரு நாளும் திறமையை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நெருக்கடி அங்கிருந்தே தொடர்கிறது.

இது பழங்கதை அல்ல. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தலித், பழங்குடி மாணவர்களும் மருத்துவர்களும் பாகுபாட்டுக்கு உள்ளாவதை 2007-ல் சுகதேவ் தோரட் குழு பதிவு செய்தது.

மன அழுத்தம் என்றால் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். செய்வோம், தவறில்லை. ஆனால் பானையைத் தனியே வைத்தவர்கள் இருக்க, தாகத்தோடு நிற்பவருக்கு மட்டும் ஆலோசனை சொன்னால் எப்படி? நாம் இனச்சுழற்சிப் பதிவேட்டைக் கேட்டுப் பார்ப்போம். பதவி உயர்வு யாருக்குத் தள்ளிப்போகிறது என்று எழுதி வைப்போம். புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளோடு முதல் நாளிலேயே போய் உட்காருவோம்.