பாத்திமா: ஒரு பெயரின் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பெண் குழந்தைக்குப் பெயர் கேட்டு வருவோரிடம் பாத்திமா என்றால், "அது பாட்டி பெயர் ஹஜ்ரத், புதிதாக ஒன்று சொல்லுங்கள்" என்கின்றனர். ஆகவே அப்பெயரைப் பற்றிச் சில செய்திகள்.

'ஃபதம' என்னும் அரபு வினைக்குப் பால்குடி மறக்கச் செய்தல் என்று பொருள். பால் மறந்த குழந்தைக்கு 'ஃபதீம்' என்ற தனிச்சொல் உண்டு. 'ஃபாத்திமா' என்பதோ இலக்கணப்படி இஸ்மு ஃபாயில்; அதாவது, பால் மறக்கச் செய்பவள். பிறந்த மகள் வளர்ந்து, தாயாகி, தன் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கும் நாள்வரை வாழவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சூட்டப்பட்ட பெயர் என்பர். பெண் சிசுவை உயிரோடு புதைத்தவர்களும் வாழ்ந்த அதே அறியாமைக் காலத்து அரபு மண்ணில்தான் இப்பெயரும் வழங்கியது! அலீ (ரலி) அவர்களின் தாயாரும், உமர் (ரலி) அவர்களின் சகோதரியும் ஃபாத்திமாக்களே. நபி (ஸல்) அவர்களோ, தம் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) வந்தால் எழுந்து நின்று, முத்தமிட்டு, தம் இடத்தில் அமரச் செய்வார்கள் என்பது ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி.

தமிழில் 'ஃப' ஒலி இயல்பாக இல்லாமையால் பாத்திமா, பாத்துமா என்றாயிற்று. முத்தும் கனியும் சேர்ந்து பாத்திமுத்து, பாத்திமா கனி என நம் பாட்டிமார் பெயர்களாயின. சாத்தூருக்குத் தெற்கே எட்டயபுரத்தில் அடங்கியுள்ள உமறுப் புலவர், தம் சீறாப்புராணத்தில் அன்னாரின் திருமணத்திற்கென ஒரு படலமே பாடியுள்ளார். 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, 1997 முதல் 2001 வரை நம் மாநில ஆளுநராகவும் விளங்கிய பாத்திமா பீவி அம்மையாரும் இப்பெயருக்குரியவரே.

மதுரையில் கத்தோலிக்கக் கன்னியர் 1953இல் தொடங்கிய பாத்திமா கல்லூரியின் பெயர் பலருக்கு வியப்பளிக்கும். போர்ச்சுக்கல் நாட்டில் மர்யம் (அலை) அவர்களின் பெயரால் கிறிஸ்தவர்கள் போற்றும் பாத்திமா என்னும் ஊரின் பெயர் அது. முஸ்லிம்கள் அந்நாட்டை ஆண்ட காலத்து அரபுச் சொல் அங்கு சென்று, சுற்றி மதுரைக்கு வந்திருக்கிறது.

இனி ஒரு வேண்டுகோள். இப்பெயரை ஆங்கிலத்தில் 'எஃப்' என்றும் 'பி' என்றும் தொடங்கி எழுதுகின்றனர். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், பள்ளிச் சான்றிதழில் வேறுவிதம் என்றிருந்தால், பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைச்சல்தான். அகீகா நாளிலேயே ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிக்காஹ் பதிவேட்டிலும் அதையே எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.