விட்டுக்கொடுக்கும் சக்கரம்

கம்பம் பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு கடல் மீன் பிடிக்கும் ரீல் பற்றிப் பேசினால் சிரிப்பீர்கள். சுற்றிலும் மலை. கடலுக்கு எங்கே போவது? கொஞ்சம் பொறுங்கள். தேனிக்குப் பக்கத்து மலையில் ஓடும் ஓர் ஆறு இந்தக் கதைக்குள் வரப்போகிறது.

ரீல் என்றால் நூல் சுற்றுகிற உருளை, அவ்வளவுதானே? பட்டம் விடும் பையன்களிடம்கூட இருக்கிறதே! 1195 வாக்கில் சீன ஓவியர் மா யுவான் வரைந்த படத்தில், படகில் குந்தியிருக்கும் ஒரு மனிதரின் தூண்டிலிலும் குட்டிச் சக்கரம் உண்டு. ஆனால், பெரிய மீன் மாட்டினால் சுற்றுவதா முக்கியம்? மீன் ஓடும்போது நூலை அறுந்துவிடாமல் விட்டுக்கொடுக்க வேண்டும். ரொம்ப காலம் அந்த வேலையைப் பார்த்தது மனிதனின் கட்டைவிரல்தான். மீன் பாய்ந்தால் கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று விரல்களைப் பதம் பார்க்கும். அமெரிக்காவில் அந்த ரீலுக்கு 'முட்டி உடைப்பான்' என்றே பட்டப்பெயர்!

வில்லியம் போஷன் என்ற தூண்டில் பைத்தியத்துக்கு இது பொறுக்கவில்லை. பிரேக்கை ரீலுக்குள்ளேயே வைக்க யோசனை சொன்னார். புரூக்ளினில் ஜூலியஸ் வாம் ஹோஃப் அதைச் செய்து கொடுத்தார். 1913-ல் கலிஃபோர்னியாவின் கேடலினா தீவருகே சுமார் 160 கிலோ கத்திமீனை போஷன் கரைசேர்த்தார். தோல், உலோக வாஷர்களை அடுக்கி, நட்சத்திர வடிவத் திருகால் இறுக்குகிற 'டிராக்' பிறந்த கதை இது. இன்று தோலுக்குப் பதில் கார்பன் ஃபைபர் வந்துவிட்டது. தத்துவம் அதேதான்.

ரீல் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாறுவார்கள். நூல் முனையை ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்துப் பாருங்கள். 30 பவுண்டு தாங்கும் நூல் என்றால் எட்டு, பத்து பவுண்டிலேயே டிராக் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். அதுவும் வெண்ணெய் மாதிரி. திக்கித் திக்கி விட்டால் உள்ளே உப்போ துருவோ குடியேறிவிட்டது என்று அர்த்தம். கழற்றித் துடைத்து கிரீஸ் போடாமல் தப்ப முடியாது. கழுவும்போது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் உப்பை நாமே உள்ளே தள்ளுகிறோம். வேலை முடிந்ததும் டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கியே வைத்தால் வாஷர் அமுங்கிப் போகும்.

நம் நாட்டில் இத்தனை பலத்தையும் சோதித்தது ஓர் ஆற்று மீன். காவிரியின் திமில் மஹ்சீர்! மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-லேயே 'தி ராட் இன் இந்தியா' என்று தூண்டிலுக்காக ஒரு புத்தகமே எழுதினார். 1946-ல் கபினி ஆற்றில் மைசூரின் வான் இங்கென் பிடித்தது 120 பவுண்டு. அதாவது 54 கிலோ. பிற்பாடு கர்நாடகக் காவிரிக் கரையில் முகாம்கள் வந்தன. கடலுக்குச் செய்த ரீல்களோடு வெளிநாட்டுக்காரர்கள் இறங்கினார்கள். மீனைப் பிடித்து, எடை போட்டு, குறித்துக்கொண்டு மறுபடி ஆற்றிலேயே விட்டார்கள்.

இப்போது நம் மலைக்கு வருவோம். இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர் இல்லை! அந்த ஆண்டு மோயாற்றுத் திமில் மீன்களை ஆராய்ந்தவர்கள், 'டோர் ரெமாதேவீ' என்று ஏற்கெனவே பெயரிடப்பட்ட மீனும் இதுவும் ஒன்றே என்றார்கள். மீனியல் விஞ்ஞானி ரெமாதேவியின் பெயர் அது. பெயர் வைக்கக் காரணமான சிறு மீன்கள் கிடைத்த இடம் பாம்பாறு. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, மூணாறு தாண்டி மறையூர் பக்கம் இறங்கினால் வரும் ஆறு. அமராவதியில் கலந்து காவிரிக்குப் போகும் தண்ணீர்.

பெயர் கிடைத்த அதே 2018-ல், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பட்டியலிலும் அது ஏறியது. எப்படித் தெரிந்தது? கலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதிய கணக்குதான் பெரிய சாட்சி. வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகிக்கொண்டே போனது. திமில் மீன் குறைந்தது. ஆனால் மாட்டிய ஒன்றிரண்டும் வரவரப் பெரிதாக இருந்தன. தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம். விஞ்ஞானிகளுக்கோ வயிற்றில் புளி... பெரிசுகள் மட்டும் மிஞ்சுகின்றன, குஞ்சுகள் வரவில்லை! பாதுகாக்கப்பட்ட வனத்தில் தூண்டில் போடக்கூடாது என்று முகாமில் மீன்பிடிப்பு நின்றபோது, அந்தக் கணக்கும் நின்றுபோனது.