ஆணி புடுங்கினதுக்கு மார்க்

ஏப்ரல் வந்துட்டா காட்டாங்குளத்தூர் ஸ்டேஷன்ல பேச்சே மாறிடும். பரனூர் போற ஐடி கார்டு கூட்டம் பூரா "உனக்கு என்ன ரேட்டிங்?"தான். நான் எதிர்ப்பக்கம், தாம்பரம் வண்டி. நானும் பொட்டி தட்டறவன்தான். ஒரு வருஷம், ஒத்துக்கிட்ட இலக்கு அத்தனையும் முடிச்சேன். டேமேஜர் கூப்பிட்டு, "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க, ஆனா டீம்ல ஒருத்தரையாவது கீழ போடணுமே"ன்னார். அந்தக் கடுப்புல தோண்ட ஆரம்பிச்சதுதான் இந்தக் கதை.

இலக்கு வெச்சு வேலை பார்க்கிறதைப் பிரபலமாக்கினவர் பீட்டர் டிரக்கர். 1954ல வந்த அவர் புத்தகத்துல, அந்த அத்தியாயத்தோட தலைப்புலயே 'சுயகட்டுப்பாடு'ன்னும் சேர்த்திருந்தார். அதாவது வேலை செய்யறவன் தன்னைத்தானே அளந்துக்கத்தான் இலக்கு, மேல இருக்கறவர் தலையில குட்டறதுக்கு இல்லை. கம்பெனிங்க தலைப்புல முதல் பாதியை மட்டும் படிச்சுட்டாங்க போல!

அப்புறம் ஜெனரல் எலக்ட்ரிக்ல ஒரு ஆய்வு நடந்து, 1965ல ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூல வெளியாச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை உட்கார வெச்சு குறை சொன்னா, ஆள் தன்னை நியாயப்படுத்தத்தான் பார்ப்பார், வேலை முன்னேறாது. ரெண்டு பேரும் சேர்ந்து இலக்கு வெச்சா முன்னேறும். சம்பளப் பேச்சைத் தனியா வெச்சுக்கங்கன்னும் சொன்னாங்க. வேடிக்கை என்னன்னா, 1981ல ஜாக் வெல்ச் தலைவரானப்புறம் கடைசி 10 சதவீதத்தை வெளியே அனுப்பற கணக்கு பிரபலமானதும் அதே கம்பெனியிலதான்.

நம்மூர்ல எல் அண்ட் டி 1970களின் நடுவுல உதய் பரீக், டி.வி. ராவ்னு ரெண்டு பேராசிரியர்களைக் கூப்பிட்டு தன்னோட மதிப்பீட்டு முறையை அலசச் சொன்னது. மார்க் போடறதோட நிறுத்தாம, உட்கார்ந்து பேசி ஆளை வளர்க்கணும்னு அவங்க சொன்னாங்க.

அரசாங்கத்துல அப்பவும் ரகசியக் குறிப்புதான். தேவ் தத்னு எல்லைச் சாலைத் துறை இன்ஜினியர். 1993-94க்கு அவருக்கு 'குட்' போட்டிருந்தாங்க. பதவி உயர்வுக்கு 'வெரி குட்' வேணும். குட் போட்டதையே அவர்கிட்ட சொல்லலை! எந்த மதிப்பீடா இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2008ல. அதுக்குள்ள மனுஷன் ரிட்டையரே ஆயிட்டார்.

2013ல மைக்ரோசாஃப்ட் கட்டாயத் தரவரிசையைத் தூக்கிப் போட்டுச்சு. பரனூர்ல வளாகம் வெச்சிருக்கற இன்ஃபோசிஸும் கைவிடறதா 2015ல செய்தி வந்துச்சு. அந்தச் செய்தியை எங்க டேமேஜரே எங்களுக்கு மெயில்ல அனுப்பினார், சிரிப்பு பொம்மை போட்டு. அந்த வருஷமும் ஒருத்தரைக் கீழதான் போட்டாங்க. நல்லவேளை, நான் இல்லை.