காரைக்காலுக்கு ஏன் கோட்டை இல்லை? – சோழமண்டலக் கரையில் மூன்று கோட்டைகளின் கதை

அறிமுகம்

கோட்டை என்றதும் செஞ்சி, வேலூர், கோல்கொண்டா போன்ற பெயர்களே நம் நினைவுக்கு வரும். அவற்றைக் காண நெடுந்தூரம் செல்கிறோம். ஆனால் காவிரி கடலில் கலக்கும் பகுதியில், சுமார் 35 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கடற்கரைப் பட்டைக்குள், மூன்று ஐரோப்பிய நாட்டவர் மூன்று கோட்டைகளை வைத்திருந்தனர். வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர், நடுவில் காரைக்காலில் பிரெஞ்சுக்காரர், தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர். இன்று இவற்றுள் தரங்கம்பாடிக் கோட்டை மட்டுமே நிற்கிறது.

காரைக்கால் பகுதியில் நான் சமூக அறிவியல் கற்பித்த காலத்தில் மாணவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்வது வழக்கம். திரும்பி வரும்போது ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர், "சார், நம்ம ஊர்ல மட்டும் ஏன் கோட்டை இல்லை?" என்று கேட்பதுண்டு. "சண்டையில இடிஞ்சு போச்சு" என்று சொல்லி முடித்துவிடுவேன். அது பாதிப் பதில்தான் என்பதைப் பிற்காலத்தில் உணர்ந்தேன். மீதிப் பதிலைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாள்களில் இம்மூன்று ஊர்களையும் பார்த்துவிடலாம். எனவே பயண வரிசையிலேயே செய்திகள் தரப்பட்டுள்ளன.

முதல் நாள் காலை: காரைக்கால்

காரைக்கால் அரசலாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஊர். பலருக்கு இது காரைக்கால் அம்மையாரின் ஊர். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவுக்குப் பெயர் பெற்ற ஊர். 18ஆம் நூற்றாண்டின் போர் வரலாற்றில் இவ்வூருக்கு உள்ள இடத்தை அறிந்தவர்கள் குறைவு.

1738இல் தஞ்சையில் அரியணைப் போட்டி நடந்தது. ஆட்சியை இழந்த மராத்திய அரசர் சாகுஜி (சயாஜி என்றும் எழுதுவர்), புதுச்சேரியில் ஆளுநராக இருந்த துய்மாவின் உதவியை நாடினார். உதவிக்கு ஈடாகக் காரைக்காலையும், கருக்களாச்சேரிக் கோட்டையையும், சில ஊர்களையும் தருவதாக ஒப்புக்கொண்டார். அரியணை திரும்பக் கிடைத்ததும் வாக்கை நிறைவேற்றத் தயங்கினார். அப்போது சந்தா சாகிப் தலையிட்டுப் படை அனுப்பியதால், 1739 பிப்ரவரி 14 அன்று காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அடுத்து அரசரான பிரதாப்சிங் மேலும் பல ஊர்களை அளித்தார். 1750ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி காரைக்காலைச் சுற்றி 81 ஊர்கள் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் வந்தன.

இங்கு மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரைக்கால் போரில் வென்று பெறப்பட்ட ஊர் அன்று. உள்நாட்டு அரியணைச் சண்டையில் பேரம் பேசிப் பெறப்பட்ட ஊர். கோட்டைப் பெயராக ஆவணங்களில் இடம்பெற்ற கருக்களாச்சேரி இன்று ஒரு மீனவர் கிராமம்.

பிரெஞ்சுக்காரருக்குக் காரைக்கால் இரண்டு வகையில் தேவைப்பட்டது. ஒன்று, தஞ்சை வட்டாரத்தின் நெல்லும் துணியும். மற்றொன்று, தென்பகுதியில் ஒரு படைத்தளம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சையை முற்றுகையிட்டபோது இரண்டாவது தேவையின் முக்கியத்துவம் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் நாகப்பட்டினத்திற்கு அப்பால் கடலில் ஆங்கிலேயக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. பின்புறத் தளமான காரைக்காலுக்கு ஆபத்து என்ற செய்தி வந்ததும் லாலி முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். தஞ்சை தப்பியது.

இரண்டு ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழானது. 1760 ஏப்ரல் 5 அன்று காரைக்கால் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் சரணடைந்தது. 1758இல் லாலி கடலூரை அடுத்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையை இடித்திருந்தார். அதற்குப் பதிலடியாகப் புதுச்சேரியின் கோட்டையும் மதில்களும் தரைமட்டமாக்கப்பட்டன. எதிரியின் கோட்டையைப் பிடித்தால் இடித்துவிடுவது அந்நாளைய போர் முறைகளுள் ஒன்றாக இருந்தது.

அதன் பிறகு காரைக்கால் ஊஞ்சல் போல ஆடியது. 1765இல் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியது. 1778இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1785இல் மீண்டும் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தது. 1793இல் மீண்டும் பறிபோனது. இறுதியாக 1817 ஜனவரி 14 அன்று பிரெஞ்சு நிர்வாகம் திரும்பியது. ஐம்பத்தேழு ஆண்டுகளில் ஆறு கைமாற்றங்கள். இத்தனைக்கும் இடையில் காரைக்கால் கோட்டை அழிந்தது. இன்று பயணி பார்ப்பதற்கு அதன் சுவர் எதுவும் நிற்கவில்லை.

"சண்டையில் இடிந்தது" என்ற பதில் இதுவரை சரி. ஆனால் 1817க்குப் பின் பிரெஞ்சுக்காரர் 137 ஆண்டுகள் காரைக்காலை ஆண்டார்களே, ஏன் திரும்பக் கட்டவில்லை? இக்கேள்விக்கான விடை காரைக்காலில் இல்லை, பாரிஸில் இருக்கிறது.

பாரிஸ் ஒப்பந்தத்தின் 12ஆவது பிரிவு

நெப்போலியன் முதன்முறை வீழ்ந்த பின், 1814 மே 30 அன்று பாரிஸில் ஓர் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியாவில் பிரான்ஸ் இழந்த ஊர்களைத் திருப்பித் தர ஆங்கிலேயர் இசைந்தனர். ஆனால் 12ஆவது பிரிவில் இரண்டு நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. திரும்பக் கிடைக்கும் ஊர்களில் பிரான்ஸ் எவ்வித அரணும் எழுப்பக் கூடாது. ஊர்க்காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைத்திருக்கவும் கூடாது. நெப்போலியன் 1815இல் மீண்டும் தலையெடுத்ததால் ஊர்களை ஒப்படைப்பது தாமதமாயிற்று. ஆனால் நிபந்தனை மாறவில்லை.

ஆகவே நம் மாணவரின் கேள்விக்கு முழு விடை இதுதான்: காரைக்கால் கோட்டை அழிந்ததற்குக் காரணம் போர். அது திரும்ப எழாததற்குக் காரணம் ஒப்பந்தம்.

அதே ஒப்பந்தம் மற்றொன்றையும் செய்தது. காரைக்காலைத் தனி நிலப்பகுதியாக நிலைபெறச் செய்தது. அரண் இல்லாமலேயே அந்த எல்லை 1954 நவம்பர் 1 வரை நீடித்தது. அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவுற்றது. இன்றும் சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காரைக்கால் மாவட்டம், தமிழ்நாட்டால் சூழப்பட்டு, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அங்கமாக இருக்கிறது. வண்டி எண்ணில் உள்ள "பி.ஒய். 02" என்ற குறியும், காவலரின் சிவப்புத் தொப்பியும் அந்த வரலாற்றின் எச்சங்களே.

முதல் நாள் மாலை: தரங்கம்பாடி

காரைக்காலிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் தரங்கம்பாடி உள்ளது. வழியில் நண்டலாற்றைக் கடந்தால் மயிலாடுதுறை மாவட்டம். ஊருக்குள் நுழையும்போது 1792ஆம் ஆண்டைச் சேர்ந்த நகர வாயில் வரவேற்கும். நேரே சென்றால் கடலோரத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை.

தஞ்சை நாயக்க அரசர் இரகுநாதர் 1620 நவம்பரில் டேனிஷ் கடற்படைத் தலைவர் ஓவே கெட்டேயுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன்படி இக்கோட்டை எழுந்தது. இரகுநாதர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது.

கோட்டை சரிவக வடிவில் அமைந்தது. மூலைகளில் கொத்தளங்கள் உண்டு. முதன்மைக் கட்டடம் இரண்டு தளங்கள் கொண்டது. கீழ்த்தளத்தின் வளைவுக் கூரை அறைகள் கிடங்காகவும் சிறையாகவும் பயன்பட்டன. மேல்தளத்தில் ஆளுநர் தங்குமிடமும் வழிபாட்டு அறையும் இருந்தன. இப்போது அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது.

இக்கோட்டை வலிமையினால் தப்பிப் பிழைத்தது என்று எண்ணினால் அது தவறு. டேனிஷ் வணிகக் குழுமம் ஏழ்மையானது. 1655 முதல் 1669 வரை தாய்நாட்டிலிருந்து கப்பலே வரவில்லை. அக்காலத்தில் எஸ்கில் கோங்ஸ்பாக்க என்ற டேனிஷ்காரர் உள்ளூர் மக்களின் துணையோடு கோட்டையைக் காத்து நின்றார். 1669இல் கப்பல் வந்தபோது கோட்டை இன்னும் டேனிஷ்காரர் கையிலேயே இருந்தது.

பின்னர் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போர்களில் டென்மார்க் பெரும்பாலும் நடுநிலை வகித்தது. காரைக்கால் வீழ்ந்த 1760ஆம் ஆண்டில், பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த தரங்கம்பாடிக்கு ஒன்றும் நேரவில்லை. 1801இலும், 1808 முதல் 1815 வரையிலும் மட்டும் ஐரோப்பியப் போர்களின் விளைவாக ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி வைத்திருந்து, பின் திருப்பித் தந்தனர். 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் குழுமத்திடம் விற்றது. விலை கொடுத்து வாங்கிய கோட்டையை இடிக்கத் தேவையில்லை. பின்னாளில் அது அரசு அலுவலர் தங்கும் மாளிகையாயிற்று.

மற்றொரு காரணமும் உண்டு. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. வணிகம் அங்கே போய்விட்டது. தரங்கம்பாடி அமைதியான சிற்றூராகச் சுருங்கியதால், பழைய கட்டடங்களை இடித்துப் புதியன கட்ட எவருக்கும் அவசரம் ஏற்படவில்லை.

கோட்டையைப் பார்த்த பின் அருகிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் செல்ல வேண்டும். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டப்பட்ட இக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. மனிதர் விட்டுவைத்தாலும் கடல் விட்டுவைப்பதில்லை என்பதற்கு இது சான்று.

இரண்டாம் நாள்: நாகூரும் நாகப்பட்டினமும்

மறுநாள் காரைக்காலிலிருந்து தெற்கே புறப்பட்டால் திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர் வழியாக நாகூரை அடையலாம். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமான பெரிய மினாரா 131 அடி உயரமுடையது. அதைக் கட்டுவித்தவர் தஞ்சை அரசர் பிரதாப்சிங். பிரெஞ்சுக்காரருக்கு ஊர்களை எழுதிக் கொடுத்த அதே பிரதாப்சிங்தான். பிரெஞ்சுக் கோட்டை மறைந்துவிட்டது. அவர் எழுப்பிய மினாரா நிற்கிறது.

அங்கிருந்து நாகப்பட்டினம் மிக அருகில். டச்சுக்காரர் 1658இல் இவ்வூரைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1690இல் சோழமண்டலக் கரையிலிருந்த தம் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கு மாற்றினர். அவர்கள் கட்டிய கோட்டையின் பெயர் "ஐம்புலன்" என்று பொருள்படும் டச்சுச் சொல்லாகும். இம்மூன்று கோட்டைகளுள் மிக வலிய அரசியல் பின்புலம் கொண்டது இதுவே எனலாம்.

ஆனால் 1781 நவம்பரில், ஹைதர் அலியின் படையினர் துணை நின்றும், டச்சுக்காரர் ஹெக்டர் மன்றோ தலைமையிலான ஆங்கிலேயரிடம் சரணடைந்தனர். 1784இல் பாரிஸில் நடந்த உடன்பாட்டில் நாகப்பட்டினம் நிலையாகவே ஆங்கிலேயருக்குப் போயிற்று. ஐம்புலன் கோட்டை இன்று இல்லை. டச்சுக்காரரின் தேவாலயமும் கல்லறைகளும்தான் அவர்களை நினைவூட்டுகின்றன.

மூன்று ஊர்கள் கற்பிக்கும் பாடம்

இரண்டு நாள் பயணத்தைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். தரங்கம்பாடியில் கோட்டை நிற்கிறது, எல்லை மறைந்தது. காரைக்காலில் கோட்டை மறைந்தது, எல்லை நிற்கிறது. நாகப்பட்டினத்தில் இரண்டுமே மறைந்தன. மதிலின் கனம் இவ்வேறுபாட்டுக்குக் காரணம் அன்று. எளிய டேனிஷ்காரரின் கோட்டை பிழைத்தது, வலிய டச்சுக்காரரின் கோட்டை பிழைக்கவில்லை. யார் யாருடன் போரிட்டார்கள், எந்த மேசையில் எந்த நிபந்தனை எழுதப்பட்டது என்பனவே முடிவு செய்தன. அந்த மேசைகளில் பல இக்கரையில் இல்லை. அவற்றைச் சுற்றி அமர்ந்தவர்களில் காரைக்கால்காரர் எவரும் இல்லை.

கோட்டை இல்லாததால் தம் ஊருக்கு வரலாறு இல்லை என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதே என் கவலை. கல்லில் தெரிவது வரலாற்றின் ஒரு பகுதிதான். ஆவணங்களிலும், ஊர்ப்பெயர்களிலும், நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் மாறும் பெயர்ப்பலகையிலும் மீதிப் பகுதி இருக்கிறது. தரங்கம்பாடிக் கோட்டைமீது ஏறி நின்று தெற்கே பார்க்கும் மாணவர், கண்ணுக்குத் தெரியாத அந்த மற்ற இரண்டு கோட்டைகளையும் நினைத்துப் பார்த்தால் இப்பயணம் நிறைவு பெறும்.