நாலாவது கார்பன்

மணலியில் ஒரு ஆலையின் தபால் பிரிவில் 36 வருஷம் எழுத்தராக இருந்தவன் நான். வருகிற கடிதத்துக்கு ஒரு பதிவேடு, போகிற கடிதத்துக்கு ஒன்று. "தபால்!" என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். என் பெயர் தெரியாமலேயே ரிடையரான அதிகாரிகள் உண்டு. வருத்தப்பட்டுச் சொல்லவில்லை; நடிகர் நாகேஷைப் பற்றிப் பேச இந்த யோக்கியதாம்சம் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாகேஷே ரயில்வேயில் எழுத்தராக இருந்தவர்தான். இயக்குநர் பாலசந்தர் 1950-லிருந்து ஏ.ஜி. ஆபீஸில் (அக்கவுன்டென்ட் ஜெனரல் அலுவலகம்) கணக்குப் பார்த்தவர். பகலில் கோப்பு, சாயங்காலம் நாடகம். அவருடைய 'மேஜர் சந்திரகாந்த்' நாடகம் முதலில் ஆங்கிலத்தில், ஆபீஸ் மேடைக்காக எழுதப்பட்டது. அந்தக் காலத்து ஆபீஸ்களில் மனமகிழ் மன்றம் என்று ஒன்று இருக்கும். கேரம் போர்டு, வார இதழ்கள், வருஷத்துக்கு ஒரு நாடகம். தமிழ் சினிமாவின் சிரிப்பில் ஒரு பெரிய பங்கு இந்த மன்றங்களிலிருந்து வந்தது என்பது என் கட்சி. யாரும் கவனிக்காத ஆளைப் பற்றி எழுத, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்களால்தான் முடியும்.

'சர்வர் சுந்தரம்' 1964-ல் வந்தது. 'எதிர் நீச்சல்' 1968-ல். இரண்டிலும் நாகேஷ்தான் நாயகன். எனக்கு அப்போது 15 வயது. 'எதிர் நீச்சல்' பார்த்தது மகாராணி தியேட்டரிலா, முந்தின வருஷம் திறந்த அகஸ்தியாவிலா என்று மறந்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு, ஒண்டுக் குடித்தன வீட்டில் அத்தனை பேருக்கும் எடுபிடி வேலை செய்து, கிடைத்ததைச் சாப்பிட்டுப் படிக்கிற மாது. சுந்தரத்தைவிட எனக்கு மாதுதான் உசத்தி. சுந்தரம் நடிகனாகிப் பேர் வாங்கிவிடுகிறான். மாது அதே வீட்டில், அதே ஆட்கள் கண்ணெதிரிலேயே நிமிர்கிறான். அடுத்த வருஷம் 'இரு கோடுக'ளில் பாலசந்தர் கலெக்டர் ஆபீஸ் எழுத்தரையே நாயகனாக்கினார். கலெக்டராக வந்து உட்காருவது அவனுடைய முதல் மனைவி!

அந்த 1969-ல்தான் மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் ஓட ஆரம்பித்தது. இந்திய அரசோடு அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் பங்குதாரர்கள். 1971-ல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ். வயல்காடாகக் கிடந்த ஊருக்குத் திருவொற்றியூரிலிருந்தும் தண்டையார்ப்பேட்டையிலிருந்தும் காலையில் பஸ் பஸ்ஸாக எழுத்தர்கள் வந்து இறங்கினார்கள். டிபன் பாக்ஸோடு நாடகமும் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1975. நாலு வருஷம் கழித்து எங்கள் மன்றம் 'எதிர் நீச்சல்' போட்டது. வசனத்தை டைப் அடித்தது எங்கள் செக்‌ஷனில். ஒரு ஒரிஜினல், நாலு கார்பன். ஒரிஜினல் மாதுவுக்கு, முதல் கார்பன் நாயர் வேஷத்துக்கு, அடுத்தது கிட்டு மாமா வேஷத்துக்கு. பெண் வேஷத்துக்கு வெளியிலிருந்து ஒரு அம்மா வருவார்; சம்பளம் தனி, டாக்ஸி தனி. மூன்றாவது அவருக்கு. நாலாவது கார்பனில் எழுத்து நீலப் புகை மாதிரி இருக்கும். அது எனக்கு. வேஷம், இருமல் தாத்தா.

படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தாத்தா கடைசி வரை கண்ணில் படவே மாட்டார். இருமல் மட்டும்தான் கேட்கும். எனக்குப் பொருத்தமாகத்தான் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். ஒத்திகை நடத்திய ஸ்டோர்ஸ் சூப்பரின்டெண்டென்ட், "இருமலுக்கும் ஒரு பாவம் வேணும்ப்பா" என்பார். கோப இருமல், பசி இருமல், ஒட்டுக் கேட்கிற இருமல் என்று மூன்று தயார் செய்தேன். மணலிக் காற்றில் இதற்குப் பெரிய பயிற்சி தேவைப்படவில்லை. நாடகத்தன்று படுதாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து இருமினேன். கேன்டீன் கொட்டகை முழுக்கச் சிரித்தது.

மறுநாள் அக்கவுன்ட்ஸ் அதிகாரி என் மேஜைக்கு வந்தார். நாலு வருஷமாக என்னிடம் கையெழுத்துப் போட்டுத் தபால் வாங்குகிறவர்.

"நேத்து இருமினது நீங்கதானா? உங்க பேரென்ன சார்?"

சொன்னேன். அடுத்த வாரம் இன்னொருவர் "ஏய், தபால்!" என்று கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சார், வரேன்" என்றேன். டைப்ரைட்டர்கள் நின்றுவிட்டன. அவர் கொஞ்சம் யோசித்து வேறு யாரோ பெயரைச் சொன்னார். பரவாயில்லை, போனேன். அதற்குப் பிறகு அவர் "தபால்" என்று கூப்பிடவில்லை.

1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி, எண்பதுகளில் மணலி வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நாடகம் வீட்டிலேயே கிடைத்தபோது ஒத்திகைக்கு யார் உட்காருவார்கள்? பிறகு கம்ப்யூட்டர் வந்தது, கான்ட்ராக்ட் வந்தது. அகஸ்தியாவும் 2020-ல் மூடப்பட்டுவிட்டது.

ஆலை நாடக அழைப்பிதழ்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டுதான் கிடைத்திருக்கின்றன. ஒன்று 1979-க்கானது, அதில் நான் 'மற்றும் பலர்'. எண்ணூர், திருவொற்றியூர், மணலிப் பக்கம் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.