பாபா புடன் மலையும் ஒரு டம்ளர் காப்பியும்

இந்த மலருக்காக எங்கள் குழுவின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். அது காப்பியைப் பற்றியது.

போன வருஷம் குழுவில் எல்லோரும் பணம் போட்டு, வேன் பிடித்து சிக்கமகளூருக்குப் போனோம். மேட்டுப்பாளையத்தில் விடியக்காலம் கிளம்பி, சத்தியமங்கலம் தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறுவதற்குள் பாதிப் பேருக்குத் தலை சுத்திப்போச்சு. மைசூர், ஹாசன் வழியாகப் போய், மறுநாள் காலையில் பாபாபுடன்கிரி மலை ஏறினோம்.

மலை உச்சிக்குப் பக்கத்தில் ஒரு குகை. அதுதான் அங்கே தர்கா, அதுதான் பீடம். தாதா ஹயாத் மீர் கலந்தர் என்ற சூஃபி ஞானி தங்கிய இடம் என்று முஸ்லிம்கள் கும்பிடுகிறார்கள். தத்தாத்திரேயர் பீடம் என்று இந்துக்கள் கும்பிடுகிறார்கள். இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் அந்த இடத்துக்குப் பெயர். காலங்காலமாக இரண்டு கூட்டமும் ஒரே வாசலில் நுழைந்து வந்த இடம், இப்போது பல வருஷமாகக் கோர்ட்டு வழக்கில் இருக்கிறது. டிசம்பரில் தத்த ஜெயந்தி வந்தால் மலைப்பாதை பூராவும் போலீஸ் காவல்.

நம் நாட்டுக் காப்பிக்கு இந்த மலைதான் தாய்வீடு. 17-ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி பெரியவர் மெக்காவுக்கு ஹஜ் போனார். திரும்பும்போது ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு காப்பி விதைகளை மறைத்துக் கொண்டுவந்து, இந்தக் குகைப் பக்கம் நட்டார் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. முளைக்கிற விதையை வெளியூருக்கு விடக்கூடாது என்று அரேபியர்கள் வறுத்தோ வேகவைத்தோதான் விற்றார்களாம். அதனால்தான் மறைத்து எடுத்துவர வேண்டியிருந்தது.

மலைச்சரிவு முழுக்க இப்போது காப்பித் தோட்டம். நிழலுக்குச் சில்வர் ஓக் மரம், அதைச் சுற்றி மிளகுக் கொடி, ஊடே பலாவும் ஆரஞ்சும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தால் செடியெல்லாம் வெள்ளைப் பூ. நவம்பரிலிருந்து பழம் சிவக்கும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. சிவந்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறித்து, காயை விட்டுவிட்டு, மறுபடி வரணும். பறிக்கிற கை பெரும்பாலும் பெண்களின் கைதான்.

நம்ம கொங்குச் சீமையிலும் அதே கதைதான். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியும் பழமரங்களும் வைத்தார். நமக்குப் பக்கத்திலேயே பர்லியார் அரசுத் தோட்டம் 1871-லும் கல்லாறு பழப்பண்ணை 1900-லும் வந்தன. மலேயா சீமையின் மங்குஸ்தான் அங்கே காய்க்கிறது. நட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. களை எடுத்து, தண்ணி ஊற்றி, கூடை சுமந்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

எழுதாமல் விட்டது எங்கள் புத்தகத்திலும் உண்டு. 1998 பிப்ரவரி 14, கோவையில் குண்டு வெடித்து 58 பேர் இறந்துபோனார்கள். அதற்கு முந்தின நவம்பரில்தான் கலவரம். எங்கள் குழு ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்களில் ஒருவர் பாய் வீட்டு அக்கா. இரண்டு வாரம் கூட்டமே நடக்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் வரவில்லை, சேமிப்புப் பணம் பத்து ரூபாயை மட்டும் பையன்கிட்ட கொடுத்தனுப்பியிருந்தார். "பணம் வந்தாப் போதுமா? ஆளு வேண்டாமா?" என்று தலைவி அக்கா எழுந்தார். எல்லோரும் அவர் வீட்டுக்கே போய்க் கூட்டம் போட்டோம்.

அக்கா எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார். நாலைந்து பேர் குடிக்கவில்லை. அதில் நானும் ஒருத்தி. பயமா, கோபமா, இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரும் பார்க்காதபோது டம்ளரைத் திண்ணை ஓரம் வைத்துவிட்டு வந்தேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கூட்டத்துக்கு வந்தார். என் மகள் படிப்புக்குக் கடன் கேட்டபோது எனக்காக முதலில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

பாபாபுடன்கிரியில் குகையை விட்டு வெளியே வந்ததும் நல்ல குளிர். கடையில் இரண்டு பேரும் காப்பி வாங்கிக் குடித்தோம். அப்போதுதான் அந்த நாள் விஷயத்தை வாய்விட்டுச் சொன்னேன்.

"அது அன்னைக்கே தெரியும் அம்மிணி. டம்ளர் கழுவுனது நான்தானே?" என்றார். அப்புறம், "ஆறிப்போகுது, குடி" என்றார்.

ஊருக்கு வந்து பழைய தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த வாரத்துக்கு, "உறுப்பினர் அனைவரும் வந்திருந்தனர்" என்று மட்டும் இருக்கிறது. எழுதியது நான்தான். மீதியை இப்போது எழுதிவிட்டேன்.